அணில், குட்டுறுவன், ரெத்தினதாஸ்

முதல் பழத்தைத் தின்றதில் பாவம் ஒன்றும் இல்லை என்று ரெத்தினதாஸ் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அது கொத்திலிருந்து தானாக விழுந்தது. விழுந்த இடம் அவருடைய செருப்புக்கு முன்னால். குனிந்து எடுத்தார், கட்டைவிரல் நகத்தை நடுவில் வைத்து அழுத்தினார், சிவந்த முள்தோடு இரண்டாகப் பிளந்தது, உள்ளே இருந்த வெள்ளைச் சதை வாய்க்குள் போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பத்து நொடி இருக்கும். ஒரு பாவம் செய்ய அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டாமா?

இரண்டாவது பழம் தானாக விழவில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அவரைத் திட்டுவதற்கு முன் அவர் பக்கத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும். ஜனவரியில் சர்க்கரை எகிறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த மனிதர் அவர். அன்றிலிருந்து வீட்டில் கிருபாபாயின் ஆட்சி. அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளின் வாயைப் பல வருஷம் மேய்த்தவளுக்கு, பென்ஷன் வாங்கும் ஒரு கிழவனின் வாய் என்ன பெரிய காரியம்? சர்க்கரை இல்லாத தேயிலை, காலையில் சப்பாத்தி, மத்தியானம் பாகற்காய், ராத்திரி மறுபடியும் சப்பாத்தி. எட்டு மாதம் இப்படிப் போனால் எந்த நல்ல கிறிஸ்தவனும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வான்.

ஆனால் மரம் சாதாரண மரம் அல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரையிலிருந்து ரம்புட்டான் கன்றை வாங்கிவந்து நட்ட அன்றே கிருபாபாய் நேர்ந்துகொண்டாள்: முதல் வருஷம் காய்ப்பது முழுக்கக் கர்த்தருக்கு. அவர்கள் சபையில் அதுதான் வழக்கம். மரத்தின் முதல் காய்ப்பு, கோழியின் முதல் முட்டை, மாட்டின் முதல் பால் எல்லாம் அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் போடுவார்கள். அதுவரை வீட்டில் ஒருவரும் நாக்கில் வைக்கக்கூடாது. வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பழம்தான், முதற்பலன் ஆகாது.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில், கிருபாபாய் மரத்தடியில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்ச வாருங்க. கிழக்கே உள்ள கொத்து பாதி காலியா இருக்கு. தின்னது ஆராக்கும்?"

ரெத்தினதாசின் காலுக்குக் கீழே மண் கொஞ்சம் நகர்ந்தது. நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து அயனி மரத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. குட்ரூ, குட்ரூ, குட்ரூ.

"வேற ஆரு? குட்டுறுவனாக்கும்," என்றார்.

பச்சை உடம்பும் தவிட்டுத் தலையுமாக இருக்கும் குட்டுறுவன் காட்டுப் பறவை. நெய்யாறு மலைக்காட்டில் கிடந்த வர்க்கம், ரப்பர் தோட்டங்கள் வழியாக இறங்கி இப்போது பாறசாலை வரைக்கும் வந்து குடியேறிவிட்டது. விடிந்தது முதல் கத்தும். ஆனால் இலைக்குள் இலையாக இருப்பதால் ஆளைப் பார்க்கவே முடியாது. பெரிய தொண்டையும் காணாத உடம்புமாக உள்ள ஒரு ஜீவன்மேல் பழியைப் போடுவதைவிடச் சுலபம் வேறு என்ன? அணில்மேல் போட அவருக்குத் துணிவு வரவில்லை. மதிலில் ஓடும் அணிலுக்குக் கிருபாபாய் தினமும் தோசை பிய்த்து வைப்பாள், "மக்கா" என்று கூப்பிடுவாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ரெஜிலாவைக்கூட அவள் அவ்வளவு கொஞ்சியதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் பைப்புக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த வேலாயுதன் தலையை நீட்டினான். பிளம்பர். மனைவி விஜயம்மாவோடு பக்கத்து வீட்டில் இருப்பவன், இரண்டு வீட்டுக் காரியங்களும் தன் காரியம் என்று நினைப்பவன்.

"டீச்சரே, சார் சொல்லுறத நம்பாதிய. இது அணிலாக்கும். நமக்க கொக்கோ காய் முழுக்கத் தொளச்சது அதுதான்."

"எனக்க அணில் அப்படிச் செய்யாது."

"அணிலில உங்களுக்க அணில், அடுத்த வீட்டு அணில்னு உண்டா டீச்சரே?"

"பறவைதான்," என்றார் ரெத்தினதாஸ்.

"அணில்தான்," என்றான் வேலாயுதன்.

காரியம் வெறும் வாதம் அல்ல. பறவை என்றால் மரத்துக்கு வலை போட வேண்டும். அணில் வலையைக் கடித்துவிட்டு உள்ளே போகும். அதற்கு அடிமரத்தில் தகரம் சுற்ற வேண்டும், பறவைக்குத் தகரம் ஒரு பொருட்டே அல்ல. கள்ளன் யார் என்று தெரியாமல் எதையும் செய்ய முடியாது. கிருபாபாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்க இறங்கும்போது அவள் அப்படித்தான் செருகுவாள்.

"நீங்க முப்பத்திரண்டு வருஷம் லேபில இருந்த ஆளுதானே? ரெண்டையும் ஒப்பிட்டு எழுதிக் காட்டுங்க. சாயங்காலம் வேலாயுதனும் விஜயம்மாவும் வரட்டும். கேட்டுட்டு முடிவு செய்யலாம்."

கள்ளனிடமே துப்புத் துலக்கச் சொன்னால் கூசாதா? கூசத்தான் செய்தது. ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு குறை உண்டு. பள்ளிக்கூட விலங்கியல் லேபில் எலும்புக்கூடு துடைத்தது அவர், தவளையைப் பலகையில் பரத்தி வைத்தது அவர், குப்பிகளில் மருந்து ஊற்றி லேபல் ஒட்டியது அவர். பாடம் எடுத்தது மட்டும் வேறு ஆட்கள். அதில் பாதிப் பேர் தப்புத் தப்பாகச் சொல்வதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டு நாக்கைக் கடித்தபடி முப்பத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறார். அறுபத்து மூன்றாவது வயதில், பழைய அங்கன்வாடிப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, மனைவி அவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தாள். வாங்கியதும் தான் செய்த களவு அவருக்குச் சுத்தமாக மறந்துபோனது.

நடுவில் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் அணில், அந்தப் பக்கம் குட்டுறுவன்.

"அணிலுக்கு முன்பக்கம் நாலு பல்லு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. ஆசாரி வச்சிருக்க உளி உண்டில்லியா, அதே போல. கடிச்ச இடத்தில ரெட்டைக் கோடா விழும். பல்லு தேயத் தேய வளரும், சாவுற வரைக்கும் வளரும்."

"எனக்க மாமியாருக்க நாக்கு மாதிரி," என்றாள் விஜயம்மா. வேலாயுதன் கேட்காத மாதிரி இருந்தான்.

"குட்டுறுவனுக்குப் பல்லே கிடையாது. அலகுதான். தடிச்ச அலகு, அதுக்க அடியில பூனைக்கு மாதிரி மீசை முடி. கொத்தி ஓட்டை போடும். காஞ்ச மரத்தில வீடு தோண்டுறதும் அந்த அலகு வச்சுதான். அணில் பழத்தைப் பறிச்சு ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தின்னும், நாம மாதிரி. தோட்டைச் சுரண்டிச் சுரண்டி கீழ போடும். பறவைக்குக் கை இல்ல. பழம் காம்பிலயே இருக்கும், உள்ள உள்ளத மட்டும் தின்னுட்டுப் போவும். தோடு மரத்தில காலியா தொங்கும்."

பேசப் பேச அவருக்கு வேர்த்தது, முகம் மின்னியது. குட்டுறுவன் விதையைக் கொண்டுபோய்ப் போடாவிட்டால் காட்டில் ஆல், அத்தி வர்க்கத்தில் பாதி முளைக்காது என்றார். பறவைக்கு வாலும் அலகும் அளந்தார், அணிலுக்கு வால் எதற்கு என்று விளக்கினார். அணில் குட்டிக்குப் பால் கொடுக்கும், குட்டுறுவன் குஞ்சுக்குப் பழம் ஊட்டும், ஆனால் பெற்ற பாடு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று சொன்னபோது விஜயம்மா தலையாட்டினாள். கிருபாபாய் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் தன்னை இப்படிப் பார்த்ததே இல்லை என்று ரெத்தினதாசுக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

முடித்துவிட்டுக் கையைத் தட்டித் தூசியை உதறினார். கிருபாபாய் எழுந்து வந்து தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு தோடுகள்.

"இது மரத்துக்குக் கீழ கிடந்துது. பறவை தின்னா தோடு மரத்திலயே தொங்கும்னு இப்பந்தானே எழுதினிய? அப்போ பறவை இல்ல."

வேலாயுதன் தொடையில் ஓங்கி அடித்தான். "நான் அப்பவே சொன்னேன்!"

"ரெட்டைக் கோட்டைக் காணல்லியே," என்று விஜயம்மா ஒரு தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல அழகா நடுவில பிளந்துல்லா இருக்கு."

எல்லாரும் ரெத்தினதாசைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை உண்மை சொல்ல நல்ல நேரம் அதுதான். சொல்லியிருக்கலாம்.

"வெயிலில காஞ்சா கோடு மறஞ்சு போவும்," என்றார்.

ஒரு குப்பியில்கூட பொய் லேபல் ஒட்டாத மனிதர் அவர். அந்த ஒரு வாக்கியம் வாயை விட்டுப் போனதும் அவர் பலகையைப் பார்க்காமல் திரும்பி நின்றார். கிருபாபாய் துணியை எடுத்துப் பலகையில் குட்டுறுவன் பக்கத்தை அழித்தாள். அணில் பக்கம் அப்படியே நின்றது. அவள் முகம் வாடியதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

தகரம் வாங்கிச் சுற்ற நேரம் இல்லை என்று வேலாயுதன் எலிக்கூட்டைக் கொண்டுவந்து தேங்காய்த் துண்டு வைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் அணில் உள்ளே இருந்தது.

"கொல்லப்படாது," என்றாள் கிருபாபாய்.

"சே, கொல்லவா? பனச்சமூடு தாண்டிக் கொண்டு விட்டா போதும். பின்ன அது தமிழ்நாட்டு அணிலாக்கும். திரும்பி வராது."

"அணிலுக்கு ஆரு செக்போஸ்ட் வச்சிருக்கா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள், சிரிப்பு வரவில்லை. கூட்டுக் கம்பி வழியாக ஒரு தோசைத் துண்டை உள்ளே தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள்.

வேலாயுதன் ஹெல்மெட் எடுக்கப் போன இடைவெளியில் ரெத்தினதாஸ் கூட்டருகே குந்தினார். அணில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அடிவயிற்றில் வரிசையாக முலைக்காம்புகள் தடித்திருந்தன, சுற்றிலும் ரோமம் உதிர்ந்திருந்தது. லேபில் இருந்தவருக்கு இதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். பால் கொடுக்கும் அணில். தென்னை உச்சியில் எங்கோ குட்டிகள் கிடக்கின்றன. புதன்கிழமை இதே வாயால்தான் அவர் அதைப் பற்றிப் பாடம் எடுத்தார். தலை நிமிர்வதற்குள் வேலாயுதன் கூட்டைத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கிளம்பிவிட்டான்.

"எலே வேலாயுதா! நில்லுலே!"

ஸ்கூட்டர் வளைவு திரும்பியது. ரெத்தினதாஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எப்போது கடைசியாக ஓடினோம் என்று அவருக்கே நினைவில்லை. ரப்பர் தோட்டம் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, மெயின் ரோடு வந்து மூச்சு முட்டி நிற்கும்போது சிபியின் ஆட்டோ வந்தது.

"என்ன சாரே, டீச்சருக்கு என்னமும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல்ல. பனச்சமூட்டுக்கு விடு. ஒரு அணில் போவுது."

சிபி மேற்கொண்டு கேட்கவில்லை. சர்க்கரை கூடினால் இப்படியெல்லாம் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வேகமாக விட்டான்.

பனச்சமூட்டில் இரண்டு மாநிலத்துப் பஸ்களும் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. நல்ல காலம், வேலாயுதனுக்கு மத்தி கண்ணில் பட்டிருந்தது. சந்தை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மீன்காரி கிருஷ்ணம்மாவிடம் விலை பேசிக்கொண்டிருந்தான். ரெத்தினதாஸ் ஆட்டோவிலிருந்து குதித்து, கூட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாரே! என்னவாக்கும்?"

"இது தின்னல்ல."

"பின்ன குட்டுறுவனா?"

"குட்டுறுவனும் இல்ல. நானாக்கும். நான்தான் தின்னேன்."

வேலாயுதன் கையில் இருந்த மத்தியைக் கீழே போட்டான். முதலில் சிரித்தது கிருஷ்ணம்மாதான். பிறகு வேலாயுதன் தொடங்கினான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மீன்பெட்டிமேல் சாய்ந்தான். ஆட்டோவிலிருந்து சிபியும் சேர்ந்துகொண்டான். என்ன ஏதென்று தெரியாத பஸ் கண்டக்டர் ஒருவரும் சிரித்தார். ரெத்தினதாசுக்கு வெட்கமாக இருந்தது, கூடவே பெரிய சுமை இறங்கின மாதிரியும் இருந்தது.

"அது செரி," என்று கண்ணைத் துடைத்தான் வேலாயுதன். "டீச்சரிட்ட ஆரு சொல்லுவா? நான் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாக்கும்."

வீட்டுக்கு வந்து, கிருபாபாய் பார்த்துக்கொண்டிருக்க, தென்னையடியில் கூட்டைத் திறந்தார். அணில் ஒரே ஓட்டமாக மேலே போயிற்று. ஏன் என்று அவள் கேட்பதற்குள் அவர் பலகையருகே போய் சாக்பீஸை எடுத்தார். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததைக் கை எழுதியது. அழித்த இடத்தில் புதிய தலைப்புப் போட்டார்.

ரெத்தினதாஸ். பல் இருபத்தாறு. பழத்தைக் கட்டைவிரல் நகத்தால் நடுவில் பிளக்கும். கொட்டையைச் சப்பித் துப்பும். தோட்டைக் கீழே போடும். பழியை வாயில்லாத ஜீவன்மேல் போடும்.

கிருபாபாய் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். உள்ளே போய் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து, அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். எண் வந்தது. பெரிதாக ஒன்றும் ஏறியிருக்கவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

"எத்தன தின்னிய?"

"பதினேழு."

"ஜனவரியில ஆஸ்பத்திரி வராந்தாவில நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியுமா? உள்ள இருந்து டாக்டர் வெளிய வாறப்ப எல்லாம் எனக்கு உயிர் போயிப் போயி வந்துது. பழம் வேணும்னா கேட்டிருக்கலாம். ஆண்டவர்கிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கித் தந்திருப்பேன். அந்த அணிலப் போயி..." பலகையைப் பார்த்தாள். கொட்டையைச் சப்பித் துப்பும் என்ற வரியில் கண் நின்றது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு வெடித்து வந்துவிட்டது, அதை அடக்க முடியாமல் அவள் அவர் தோளில் அடித்தாள்.

அடித்து முடித்ததும் பழைய டீச்சர் ஆகிவிட்டாள்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். மரத்தில இருக்கது இனி வெறும் பழம், அது சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு. முதற்பலன் உங்களுக்க வயித்திலயாக்கும் இருக்கு. ஞாயிறாழ்ச்ச நீங்கதான் போயி நிக்கணும்."

அவர் வேடிக்கை என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் தொடங்கியபோதுதான், அவள் போதகர் யோசுவாவிடம் முன்கூட்டியே பேசிவைத்தது தெரிந்தது. காச்சில் கிழங்கு போயிற்று, செவ்வாழைக் குலை போயிற்று, ரப்பர் ஷீட் போயிற்று. போதகர் காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அடுத்தது நம்ம ரெத்தினதாஸ். ஒரு வார வேலை. எடுக்கவர் வீட்டில என்ன சொன்னாலும் செய்வார். பழம் மட்டும் காட்டக்கூடாது."

முற்றம் அதிர்ந்தது. ரெத்தினதாஸ் ஒரு வாழைக்குலைக்கும் காலைக் கட்டிய சேவலுக்கும் நடுவில் போய் நின்றார். காது வரை சூடேறியது. வருஷாவருஷம் சேவல் ஏலம் எடுக்க வரும் வேலாயுதன் முதல் ஆளாக "நூறு!" என்றான். பாடகர் குழு ராஜபாய், தன் தோட்டத்துக் கொக்கோவை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்று இருநூறு சொன்னாள். "அவரை வச்சா பின்ன கொக்கோவும் மிஞ்சாது," என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். விலை ஏறியது. வெட்கம் மெல்ல இறங்க, இந்த வயதிலும் தனக்கு இவ்வளவு போட்டியா என்று அவருக்குள் ஒரு குஷி கிளம்பியது.

"ஆயிரம்," என்றது ஒரு குரல்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் கிருபாபாய் எழுந்து நின்றிருந்தாள். வேலாயுதன் விளையாட்டாக வாயைத் திறந்தான், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். போதகர் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் சொல்லிக் கையைத் தட்டினார்.

அவள் நேராக வந்து, சேவலைத் தாண்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீட்டில சும்மா கிடக்க ஆளைக் காசு குடுத்தா எடுக்கணும்?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு எங்க அப்பன் பாத்து எடுத்ததாக்கும்," என்றாள் கிருபாபாய். "இது நானே பாத்து எடுத்தது. நடங்க."